மூன்றாவது தடவை கூப்பிடும் வரை

பேசாதே. விடிந்ததிலிருந்து இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிடக்கிறேன். பேசாதே சங்கரவடிவு, வாயைத் திறக்காதே. டாக்டர் ஒன்றும் பேசக் கூடாது என்று சொல்லவில்லை, விடிந்ததும் பேசிப் பாருங்கள் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார், ஆனால் பேசிப் பார்த்தால் தெரிந்துபோகும், தெரியாத வரைக்கும் குரல் இருக்கிறது, இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் யார் என்ன செய்துவிட முடியும். கழுத்தைச் சுற்றிக் கட்டு. கட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி, கட்டில் கம்பியில் தொங்குகிற சின்னக் குப்பிக்குள் போகிறது. குப்பியின் அடியில் கொஞ்சம் சிவப்பு. அது என்னுடையது, நேற்றுவரை எனக்குள் ஓடியது, இன்றைக்கு வெளியே வந்து நான் பார்க்கும்படி தொங்குகிறது, என் ரத்தத்தை இவ்வளவு நேரம் இவ்வளவு நிதானமாக நான் பார்த்ததே இல்லை. எச்சில் விழுங்கினால் தொண்டையில் ஒரு புளியங்கொட்டை ஏறி இறங்குகிறது. ஏறி இறங்கட்டும், வலி பெரிதில்லை. இந்த வார்டில் எல்லாரும் எவ்வளவு சுலபமாகப் பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தரை துடைக்கிறவள் வாளியை இழுத்துக்கொண்டே யாரையோ வைகிறாள், காலைத் தூக்கும்மா, தூக்கு, தூக்கு என்கிறாள், ஒரு ‘தூக்கு’ போதும், இவள் மூன்று சொல்கிறாள், கொட்டிச் சிந்துகிறாள், குரல் என்ன குழாய்த் தண்ணியா. எதிர்க் கட்டில் அம்மாள் தூக்கத்திலேயே முனகுகிறாள். ஜன்னலில் ஒரு காக்கா. காக்காவுக்குக்கூட யோசனை இல்லை, வாயைத் திறந்தால் வருகிறது. நானும் முந்தாநாள் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு வேலையே கூப்பிடுவதுதான். எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் அலுவலக உதவியாளர் என்று பேர், தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை. உள்ளே பெஞ்ச் கிளார்க் வழக்கு நம்பரைச் சொன்னதும் நான் வாசலுக்கு வந்து கட்சிக்காரர் பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றும் ஒன்று இல்லை. முதல் தடவை வராந்தாவுக்கு, அங்கே சுவரில் சாய்ந்து நிற்கிறவர்களுக்கு. இரண்டாவது வேப்பமரத்துக்கு, அதன் நிழலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து வாய் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு. மூன்றாவது ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு. அதற்குப் பேரின் கடைசி எழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டும், இசக்கிப்பாண்டீ என்று, லாரி போனால் லாரிக்கு மேலே போக வேண்டும், போகும். அங்கே ஒரு ஆள் பாதி கிளாஸை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே ஓடி வருவார். இப்போது படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. என் தொண்டைக்குள்ளிருந்து ஒன்று கிளம்புகிறது, கண்ணுக்குத் தெரியாமல் ரோட்டைக் கடக்கிறது, அத்தனை கூட்டத்தில் சரியாக அந்த ஒரு ஆளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருகிறது. அம்மாடி, இதையா நான் இத்தனை வருஷம் சம்பளத்துக்குச் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை என்றால், உள்ளே திரும்பி ‘ஆள் இல்லைங்கய்யா’ என்பேன், முன்சீப் ஐயா பேனாவை எடுப்பார், அந்த ஆளின் வழக்கு அதோடு போயிற்று. ஆனால் மூன்றாவது தடவை கூப்பிடும் வரைக்கும் யாரும் வராதவர் கிடையாது. பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கலாம், கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கலாம். என் குரலை நான் இன்னும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதனால் அது வராமல் போகவில்லை. வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான், எங்கள் கோர்ட்டில் வாங்காத வாய்தாவா.

டீக்கடைக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். “என்னக்கா, இப்பல்லாம் ஆளே கூப்பிடுததில்லையா, சத்தத்தையே காணும்?” என்றார். நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன், மூன்றாவது கூப்பாடு வேப்பமரத்தைத் தாண்டாமல் அங்கேயே விழுந்துகொண்டிருந்தது. பிறகுதான் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தது, இடது பக்கம் ஒரு எலுமிச்சம்பழம். தைராய்டு என்றார்கள். ஞானமுத்து டாக்டர் கையை வைத்து அமுக்கிப் பார்த்தார், ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், கெட்டது இல்லை, ஆனால் குரல் குழாயை நெருக்குகிறது, எடுத்துவிட வேண்டும். அன்றைக்குத்தான் அவர் இரண்டு வழி சொன்னார். “கீழ் உதட்டுக்கு உள்பக்கமா மூணு சின்னத் துளை போட்டு, கேமராவ உள்ள விட்டு, நாடிக்கு, இந்த மோவாய்க்கு, அடியால கழுத்துக்கு வந்து எடுத்துரலாம்மா, வெளிய தழும்பே இருக்காது. நேரம் கூடுதலாகும், நாடி கொஞ்ச நாள் மரத்துக் கெடக்கும். இல்லன்னா கழுத்துலயே ஒரு கீறல் போட்டுத் திறந்து எடுக்கலாம். சீக்கிரம் முடியும், ஒரு கோடு நிக்கும். ஒங்க கட்டிக்கு ரெண்டுமே முடியும்.” “குரலு?” என்று கேட்டேன். “குரல் விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான். எதுல போனாலும் நரம்பத் தொடாம வரணும்.” அவ்வளவுதான் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. “தொறந்தே செய்யுங்கய்யா, கண்ணால பாத்துச் செய்யுங்க” என்றேன். கோர்ட்டில் வேலை பார்க்கிறவளுக்கு வேறு என்ன வரும், கண்ணால் பார்த்த சாட்சி கூண்டில் ஏறினால் வக்கீல்களுக்கே முகம் மாறுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். டாக்டர் சிரித்தார், சரி என்றார். நேற்றுக் காலையில் தள்ளுவண்டியில் படுக்க வைத்த பிறகுதான் பக்கத்து வண்டியில் கிடந்த பெண் சொல்கிறாள், “கேமராவுல நரம்பு கயிறு தண்டிக்குத் தெரியுமாம்க்கா, வெறுங்கண்ணுக்குத் தெரியுததவிட பெருசா.” கேட்டீர்களா, பெருசா. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அந்தச் சொல் கழுத்துக்குள் தைத்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிறதைவிடப் பெருசா. நான் கண்ணை அல்லவா கேட்டு வாங்கினேன்.

அந்தப் பெண்தான் இப்போது பக்கத்துக் கட்டில், நூர்நிஷா, மேலப்பாளையம், நிக்காஹ் குறித்தாயிற்று, அதனால் வாய் வழி. விழித்ததிலிருந்து பேசுகிறாள். நாடிக்கு அடியில் ஒரு பிளாஸ்திரி, முகம் உப்பி, கழுத்து லேசாகக் கன்றிப்போய் இருக்கிறது, அவ்வளவுதான், கீறலைத் தேடினாலும் கிடைக்காது. நான் காலையிலிருந்து தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். உதட்டுக்கு உள்ளே நுழைந்திருக்கிறார்கள், தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் நடந்திருக்கிறார்கள், காற்றை ஊதி ஒரு சின்ன அறை கட்டியிருக்கிறார்கள், அங்கே நின்று வேலையை முடித்து, எடுத்ததை ஒரு பைக்குள் போட்டு வாய் வழியாகவே வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள், இவள் முகத்தில் அதற்கு ஒரு சாட்சியும் இல்லை. எந்தத் திருடனும் இவ்வளவு சுத்தமாக ஒரு வீட்டுக்குள் போய் வந்ததாக எங்கள் கோர்ட்டில் வழக்கு வந்ததில்லை. “நாடி எங்க இருக்குன்னே தெரியலக்கா, தொட்டா வேற யாரு நாடியவோ தொட்ட மாதிரி இருக்கு, பால் குடிச்சா ஒழுகுது, இப்படியே போயிருமோ?” என்று அழுகிறாள், அழுதுகொண்டே பேசுகிறாள், அந்தப் பேச்சு கணீரென்று இருக்கிறது. பொறாமைதான், ஏன் மறைக்க வேண்டும். பிள்ளை அழுகிறது, எனக்கு அதன் குரலைக் கேட்டுப் பொறாமை. சரியாகிவிடும் என்று கையால் சைகை காட்டினேன். “ஒங்களுக்குப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காகளா?” என்று கேட்டாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் இல்லாமல் தலையை ஆட்டினேன். கட்சிக்காரர்கள் பாதிப் பேர் கூண்டில் நின்று அப்படித்தான் ஆட்டுவார்கள்.

அந்த நரம்பு. டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார், பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி, அதன் இரண்டு இறக்கைக்கும் பின்னால் இரண்டு நரம்பு, நூல் கனம்தானாம். மூளையிலிருந்து குரலுக்கு நேராக வந்தால் ஒரு சாண் தூரம். நேராக வருவதில்லையாம். தொண்டையைத் தாண்டிக் கீழே போய், இடது பக்கத்து நரம்பு நெஞ்சுக்குள்ளேயே இறங்கி, இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறி வந்து குரல்வளையைத் தொடுகிறதாம். பக்கத்து வீட்டுக்குப் போக மதுரைக்குப் போய்த் திரும்பி வருகிற மாதிரி. ஏன்யா அப்படி என்று கேட்டேன், “அது அப்படித்தாம்மா” என்றார் டாக்டர், அவ்வளவு படித்தவர், அப்படித்தான் என்கிறார். அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. இன்றைக்கு இல்லை. அப்படியென்றால் நான் கூப்பிட்ட ஒவ்வொரு பேரும் நெஞ்சுக்குள் இறங்கி இதயத்தைச் சுற்றிவிட்டுத்தான் வாய்க்கு வந்திருக்கிறது. இசக்கிப்பாண்டி, மரியதங்கம், சீட்டுக்கம்பெனிக்காரன், வேலித் தகராறு பண்ணினவன், எல்லாரும். நான் பாட்டுக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், உள்ளே இவ்வளவு நடந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே சீரகம் அளவுக்கு நாலு சுரப்பி வேறு இருக்கிறதாம், அதையும் பத்திரமாக விட்டுவிட்டு வர வேண்டுமாம், அது போனால் கை மதமதத்துப் போகுமாம், நர்ஸ் வந்து வந்து விரலைக் கேட்கிறது அதற்குத்தான். விரல் நன்றாகத்தான் இருக்கிறது. சீரகம் தப்பித்துவிட்டது. நூல்? நேற்று ஒருவர் குனிந்து என் கழுத்துக்குள் பார்த்திருக்கிறார். அந்த நூலை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், விரலால் ஒதுக்கியிருக்கிறார். என் குரலை ஒரு மனுஷர் பார்த்திருக்கிறார், நானே பார்த்ததில்லை, பெற்றவள் பார்த்ததில்லை. அப்போது நான் எங்கே இருந்தேன்? மூக்கில் மூடியை வைத்தார்கள், மூச்சை இழுங்க என்றார்கள், இழுத்தேன், பிறகு ஒரு பெண் “சங்கரவடிவு, சங்கரவடிவு, கண்ணைத் திறங்க” என்கிறாள். நடுவில் ஒன்றும் இல்லை, கனவு இல்லை, இருட்டுகூட இல்லை. தூக்கம் என்றால் தூங்கினோம் என்று தெரியும், இது அதுவும் இல்லை. “மூணு தடவ கூப்பிட்டப்புறந்தான் முழிச்சீய” என்றாள் அவள். மூன்றாவதில்தான் வந்திருக்கிறேன். எங்கிருந்து வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு தடவை ஒருவர் பேரை வாசலில் கூப்பிட்டேன், மூன்றாவது கூப்பிட்டு முடித்ததும் ஒரு பையன் மெதுவாக வந்து நின்றான், “அப்பா போன வாரம் தவறிட்டாக” என்றான். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத ஆளை அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேனே என்று.

சின்ன டாக்டர் வந்தாள். பிள்ளை முகம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பு. “அம்மா, எப்படி இருக்கீங்க, எங்க, ஒங்க பேரச் சொல்லுங்க பாப்போம்.” நான் அவளைப் பார்த்தேன். “பேரு சொல்லுங்கம்மா.” இரண்டு தடவை ஆயிற்று. நான் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டேன். “சரி, ஈ... சொல்லுங்க, ஈ...” தலையை ஆட்டினேன், இல்லை என்று. வேண்டாம் என்கிற அர்த்தத்தில்தான் ஆட்டினேன், முடியவில்லை என்று எடுத்துக்கொண்டாள், அந்த முகம் வெளிறிப்போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. குப்பியைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், “ஒண்ணுமில்லம்மா, சில பேருக்குக் கொஞ்ச நாள் அப்படி இருக்கும், வந்துரும், நான் சார்ட்ட சொல்லுதேன், ஸ்கோப் வச்சுப் பாத்துரலாம்” என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறக்குறைய ஓடினாள். இதோ, ஒரு பிள்ளையைப் பயமுறுத்தி அனுப்பியாயிற்று. நூர்நிஷா வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், விடிந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் பேசவில்லை. ஸ்கோப் என்றால் மூக்கு வழியாக ஒரு கேமராவை விட்டுக் குரல்வளையைப் பார்ப்பது, அதற்குள் கதவு மாதிரி இருக்கிற இரண்டு சவ்வும் அசைகிறதா என்று. கேமராவை வேண்டாம் என்று சொன்னவளைக் கேமரா விடவில்லை, சாட்சி சொல்ல வருகிறது. அது வந்தால் வாய்தா கிடையாது.

வார்டுக் கடைசியில் கம்பிக் கதவு, அதற்கு வெளியே சிமெண்டு பெஞ்சு. அங்கே எங்கள் வீட்டுக்காரர், முதுகைக் காட்டிக்கொண்டு. ஆண்களை உள்ளே விடுவதில்லை. சட்டைக் காலருக்கு மேல் அவர் கழுத்து தெரிகிறது, காது இரண்டும் தெரிகிறது. பெரிய காது, உபயோகம் இல்லாத காது. ரைஸ் மில்லில் இருந்தே கெட்டுப்போனது. காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம், அது கூவுகிறது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார், பேனா மாதிரி. பிள்ளைகள் பேசினால் என்னைப் பார்ப்பார், நான் திரும்பச் சொல்வேன், புரியும். என் சத்தம் மட்டும் அவருக்கு மெஷின் இல்லாமல் கேட்கும். கோர்ட்டுச் சத்தம் வீட்டுக்கும் உதவுகிறது என்று பிள்ளைகள் கேலி செய்யும். குரல் போனால் கோர்ட்டில் என்னைத் தபால் கட்டுகிற வேலைக்குப் போடுவார்கள், பரவாயில்லை, கட்டலாம். இவரை என்ன செய்வது? இவர் ஒரு பெரிய அமைதிக்குள் போய் உட்கார்ந்துவிடுவார், நான் வாசலில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுவேன். சமையல்கட்டிலிருந்து ‘ஏங்க’ என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது எழுந்து வருகிறாரே, அது இனி இல்லை. ஏங்க, அவ்வளவுதான் நான் அவரைக் கூப்பிட்டது. தாலுகாவில் இருக்கிற அத்தனை பேர் பேரையும் கத்தியிருக்கிறேன், அவர் பேரை மட்டும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, அவர் பேரையே கொண்ட வேறொரு ஆளின் வழக்கு வந்தது. நாக்கு எழவில்லை, பெஞ்ச் கிளார்க் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார், வேறு வழியில்லாமல் வாசலுக்குப் போய் மூன்று தடவை கூப்பிட்டேன், டீக்கடை வரைக்கும். முகமெல்லாம் சூடு. சாயங்காலம் இவரிடம் சொன்னபோது “எனக்குக் கேக்கலியே” என்றார், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. அந்த ஆளும் வரவில்லை, வழக்கு போயிற்று.

மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாமா, போர்வைக்குள். ஒரு எழுத்து. எதைச் சொல்வது? முருகா என்று சொல்லி வராமல் போனால் முருகனையும் சேர்த்து இழுத்துவிட்டது மாதிரி ஆகிவிடும். என் பேரைச் சொல்லலாம், சின்ன டாக்டர் கேட்டாளே. நீளமான பேர், நடுவில் அறுந்துவிட்டால்? அவர் பேர். வேண்டாம். அது சத்தமே இல்லாமல் காற்றாகப் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. போர்வையை முகத்துக்கு இழுத்து உதட்டைக் குவித்தேன், மூச்சு மட்டும் போயிற்று, நான்தான் சத்தம் போடவில்லை, நான்தான் போடவில்லை, போட்டிருந்தால் வந்திருக்கும், வந்திருக்குமா. கழுத்துக்குள் அந்த நூல் இருக்கிறதா. இருந்தும் தூங்குகிறதா, என்னை மாதிரி அதுவும் எங்கேயோ போயிருக்கிறதா. அடேயப்பா, ஒரு நூல். இத்தனை கிலோ சதை, எலும்பு, வாய்க்கொழுப்பு, அரசாங்க வேலை, எல்லாம் ஒரு நூலில் தொங்கியிருக்கிறது, தெரியாமல் நான் ஆடிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“சங்கரவடிவு.” யாரோ கூப்பிடுகிறார்கள். வார்டு வாசலில் ஒரு ஆயாம்மா, சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. ஸ்கோப் அறைக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறாள், சீக்கிரம்தான். ஆனால் இப்படியா கூப்பிடுவது? தரையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே, பேரைப் பாதியில் விழுங்கி. கடைசிக் கட்டிலுக்கு இது எப்படிப் போகும்? நான் அசையவில்லை. “சங்கரவடிவு.” இரண்டாவது. இப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கூப்பிடுகிறாள், ஜன்னலில் காக்காதான் இருக்கிறது. நூர்நிஷா என்னைக் காட்டிக் கையை நீட்டுகிறாள், ஆயாம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. நாற்காலியை வெளியே திருப்புகிறாள், யாரிடமோ, “ஆளு இல்லபோல” என்கிறாள். ஆள் இல்லையா? இரண்டு தடவைக்கே ஆள் இல்லையா? எந்த ஊர் வழக்கம் இது, மூன்றாவது எங்கே, மூன்றாவது கூப்பிடாமல் ஒரு ஆளை இல்லை என்று சொல்ல இவள் யார், நாற்காலி போகிறது, போகிறது, கதவைத் தாண்டப்போகிறது, வயிற்றிலிருந்து ஒன்று எழும்பி நெஞ்சுக்கு வந்து, எதையோ சுற்றிக்கொண்டு, புளியங்கொட்டையைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டது.

“ஆஜர்!”

யார் சொன்னது? கட்டையாக, கரகரவென்று, ஒரு ஆம்பளைக் குரல். வார்டில் ஆண்களை விடமாட்டார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆயாம்மா திரும்பினாள். நூர்நிஷா மரத்துப்போன நாடியைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்களா!” என்று கத்தினாள். நானா? நான்தான். எத்தனை நேரம் யோசித்தேன், முருகனா, பேரா என்று, கடைசியில் வந்தது கோர்ட்டு வார்த்தை. டீக்கடை வரைக்கும் போகிற குரல் இல்லை இது, எனக்குத் தெரியும், அளக்கத் தெரிந்தவள் நான், வேப்பமரத்துக்கும் இப்போது போகாது, வராந்தா வரைக்கும் போகும். வராந்தா வரைக்கும் போகிறது! இதயத்தைச் சுற்றி வந்திருக்கிறது, அறுபடாமல் வந்திருக்கிறது, ஞானமுத்து டாக்டர் கண்ணால் பார்த்துத் தாண்டிப் போன அந்த நூலில் ஏறி வந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கத் தோன்றவில்லை. இன்னும் ஒரு தடவை சொல்லலாமா என்று வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன், கம்பிக் கதவுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து நிற்கிறார். திரும்பிவிட்டார். மெஷின் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அதன் வயர் வெளியே தொங்குகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி ஊருக்கே கேட்கும்படி கேட்டார்.

“என்னையா கூப்பிட்ட?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்ட வேண்டியதில்லை என்று பிறகுதான் உறைத்தது.

“ஆமா” என்றேன். “ஒங்களத்தான்.”